வெள்ளத்துரையின் கன்னமும் வடக்குத் திசையும்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எம்.ரெட்டியபட்டி விலக்கில் பஸ் டயர் வெடித்து நின்றுபோன ஒரு பகலில், பக்கத்து இருக்கையில் இருந்த ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் சொன்னது. பெயர் ஞானப்பூ. டிரைவரும் கண்டக்டரும் ஸ்டெப்னியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். வெளியே நிழல் என்று சொல்லிக்கொள்ள ஒரே ஒரு கருவேலமரம். அதன் அடியில் ஏற்கெனவே ஆடுகள் இடம் பிடித்திருந்தன. இரண்டு பேருக்கும் வேறு போக்கிடம் இல்லாததால் அவர் சொன்னார், நான் கேட்டேன். ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். முடிவையும் சொன்னார். டயர் மாட்டி முடிந்தபோது கதையும் முடிந்திருந்தது.

கேட்டதை அப்படியே எழுதிக்கொடுத்துவிட்டு என் பாட்டுக்கு இருந்திருக்கலாம். முடியவில்லை. மாதக்கணக்கில் எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

(கிழிக்கிறேன் என்பது பெருமைக்குச் சொல்வது. ஒரு பக்கம் வெறுமையாக இருக்கும் தாளைக் கிழிக்க எனக்கு மனசு வராது. மடித்து வைத்திருக்கிறேன்.)

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"1972ஆம் வருஷம், சித்திரை மாதம். அருப்புக்கோட்டையில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த

நிறுத்திவிட்டேன். அருப்புக்கோட்டையில் வெயில் அடித்தது என்று எழுதுவதற்கு ஒரு எழுத்தாளன் தேவையில்லை.

இரண்டாவது: "புகையிலை என்னும் அரக்கன் மனித குலத்தை எவ்வாறெல்லாம்

இது பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டி. முதல் பரிசு டிபன் பாக்ஸ் கிடைக்கும், கதை கிடைக்காது.

மூன்றாவது: "சந்தனம்மாள் தன் புருஷனின் கன்னத்தைப் பார்த்தாள். அது கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது."

இது இருக்கட்டும். இங்கிருந்துதான் எனக்கும் பயம் தொடங்குகிறது. ஆனால் அந்தக் கன்னம் அவருடைய கன்னமே அல்ல, நெஞ்சிலிருந்து வந்தது என்பது தெரியாமல் நீங்கள் பயப்பட முடியாது. ஆகவே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

3

வெள்ளத்துரை திருச்சுழிப் பக்கத்து மாட்டுத் தரகர். வலது கடைவாயில் புகையிலை அடக்கியே காலம் தள்ளிய மனிதர். அடக்கிய இடத்தில் புண் வந்தது. புண் கன்னத்தைத் துளைத்து வெளியே எட்டிப் பார்த்தது. அருப்புக்கோட்டையில் இருந்த ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரிக்கு (தேடாதீர்கள், அதைக் கட்டியவன் நான்) அவர் மனைவி சந்தனம்மாள் அவரைக் கூட்டிவந்தாள். அங்கே டாக்டர் தாவீதுராஜ் இருந்தார். எங்கெங்கோ பெரிய இடங்களில் இந்த மாதிரி அறுவையைப் பழகிவிட்டுச் சொந்தச் சீமைக்கு வந்து சேர்ந்தவர்.

புண்ணை வெட்டி எடுப்பது பாதி வேலைதான். வெட்டிய இடத்தில் கன்னம் இருக்காது. குடிக்கிற தண்ணீர் தோளில் வழியும். அந்த ஓட்டையை அடைக்க டாக்டர் நெஞ்சுத் தோலை அகலமாகக் கிளப்பினார். முழுதாக அறுத்து எடுக்கவில்லை. ஒரு முனையை நெஞ்சோடு விட்டுவிட்டு, மறுமுனையைக் கழுத்து வழியாக மேலே ஏற்றிக் கன்னத்தில் வைத்துத் தைத்தார். அவர் அதை ஃபிளாப் என்றார். நர்சுகள் ஃபிளாப்பு என்றார்கள். நான் மடல் என்று எழுதுகிறேன். கன்னத்தில் வேர் பிடிக்கும்வரை மடலுக்கு நெஞ்சிலிருந்துதான் சாப்பாடு. பிடித்துக்கொண்ட பிறகு நெஞ்சுப் பக்கத்தை அறுத்துவிடலாம்.

மடலுக்குள் ரத்தம் எப்படியாவது ஏறிவிடும். திரும்பி இறங்குவதில்தான் தகராறு. இறங்காமல் தேங்கினால் மடல் நீலமாகும், பிறகு கத்தரிக்காய் நிறமாகும், பிறகு கறுத்து அழுகும். அதனால் ரத்தம் தானாகச் சரிந்து இறங்கட்டும் என்று கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் அடுக்கி உயர்த்தச் சொன்னார் டாக்டர். தலைமாடு வடக்குச் சுவரோரம் இருந்தது. ஜன்னல் அங்கேதான், மடலின் நிறத்தைப் பார்க்க வெளிச்சம் வேண்டும்.

வடக்கு என்று எழுதியிருக்கிறேன். நம்மவர்கள் இந்நேரம் முகம் சுளித்திருப்பார்கள்.

4

அறுவை முடிந்து மடல் நல்ல நிறத்தில் இருந்தது. சந்தனம்மாள்தான் பொட்டுத் தூக்கம் இல்லாமல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். தொடாதே, கழுத்தைத் திருப்ப விடாதே, பேச விடாதே என்று அவளிடம் சொல்லியிருந்தார்கள். கடைசிக் கட்டளை தேவையே இல்லை. வெள்ளத்துரைக்கு மூக்கில் ஒரு குழாய், மூச்சுக்காகத் தொண்டைக்குழியில் ஒரு குழாய். சந்தையே அதிரப் பேசுகிற மனிதரிடமிருந்து காற்றுச் சத்தம்தான் வந்தது.

ஞானப்பூ மதியச் சாப்பாட்டுக்குப் போனார். அந்நேரம் பார்த்து நரிக்குடியிலிருந்து இருளப்பசாமி வந்தான். இவனும் தரகன், வெள்ளத்துரைக்குத் தம்பி முறை. ஓலைப்பெட்டியில் நுங்கு கொண்டுவந்திருந்தான். அவரால் எதையும் வாயில் வைக்க முடியாது என்று வந்த பிறகுதான் தெரிந்தது. கொண்டுவந்த நுங்கைக் கீழே வைப்பதா, திருப்பி எடுத்துக்கொண்டு போவதா என்று தெரியாமல் நின்றவன், எதையாவது சொல்ல வேண்டுமே என்று சுற்றுமுற்றும் பார்த்தான்.

"ஏன் மதினி, அண்ணன வடக்க தலைய வச்சுல்ல போட்டிருக்காக?"

சந்தனம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அய்யய்யோ, ஆமா. இங்க வந்ததுல இருந்து எனக்குக் கிழக்கு மேற்கே பிடிபடல."

"படிச்ச ஆளுக, இதெல்லாம் எங்க பாக்கப் போறாக? நம்மதான் பாத்துக்கிடணும்."

"நர்ஸம்மா வரட்டும், ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டு…"

"அவுக வேதக்காரக மதினி. அவுகளுக்கு எல்லாத் திசையும் ஒண்ணுதான். கால நான் பிடிக்கேன், நீங்க தலையப் பிடிங்க. கழுத்து ஆடாமப் பாத்துக்கிட்டாப் போதும்."

வெள்ளத்துரை கையைத் தூக்கினார். 'வேண்டாம்' என்று தூக்கியதாக ஒரு தாளில் எழுதியிருக்கிறேன். 'பார்த்து, மெதுவாக' என்று தூக்கியதாக இன்னொரு தாளில். ஞானப்பூ அப்போது அங்கே இல்லை, பிற்பாடு சந்தனம்மாள் சொல்லிக் கேட்டதுதான். எனவே கை தூக்கினார் என்பதோடு விடுகிறேன்.

இருவரும் பூப்போல அவரைத் திருப்பினார்கள். ஒரு தையல் இழுபடவில்லை. தலை இப்போது தெற்கே, யோக்கியமான திசையில். கட்டிலின் அந்த முனைதான் பள்ளமாக இருந்தது. செங்கல் உயர்த்திய பக்கத்தில் கால் இருந்தது.

(இந்த இடத்தை வாசித்த நண்பர் ஒருவர், "நாட்டுப்புறத்துப் பெண்ணை முட்டாளாகக் காட்டுகிறாய்" என்று சண்டைக்கு வந்தார். அதே நண்பரும் நானும் மதுரை லாட்ஜில் தங்கியபோது, ராத்திரி ரூம் பையனைக் கூப்பிட்டுக் கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னது அவர்தான். செங்கல் எதற்கு என்று சந்தனம்மாளிடம் யாருமே சொல்லவில்லை. "சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்லைங்க" என்றார் ஞானப்பூ, பஸ்ஸில். தரை மேடுபள்ளம், அதற்கு முட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் சந்தனம்மாள் நினைத்திருந்தாள்.)

இருளப்பசாமி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனான். சந்தனம்மாளுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. பெரிய கெடுதலிலிருந்து புருஷனை மீட்டுவிட்டோம் என்ற நிம்மதி. அறுவைக்குப் பிறகு அவள் முதன்முதலாகச் சுவரில் தலையைச் சாய்த்தாள். தூங்கிவிட்டாள்.

இதை எழுதும்போது எனக்கே அவளைத் தட்டி எழுப்பிவிட வேண்டும் போல இருக்கிறது.

5

கழுத்துச் சுளுக்கி அவள் விழித்தபோது, நான் மேலே எழுதிய மூன்றாவது தொடக்கம் நடந்தது.

சந்தனம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. நர்ஸ் வந்தால் கேட்காமல் திருப்பியதற்குத் திட்டுவாரே என்ற பயம்தான் முதலில் வந்தது. தனியாகவே அவரை மறுபடியும் வடக்கே திருப்பினாள். அவரும் காலை ஊன்றி நகர்ந்து கொடுத்தார். சாப்பிடப் போன ஞானப்பூ வழியில் ஒரு பிரசவக் கேசில் மாட்டிக்கொண்டு, ஒருவழியாகத் திரும்பி வந்தபோது வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. கட்டில் சரியாக இருந்தது, செங்கல் சரியாக இருந்தது, தலை உயரமாக இருந்தது. மடல் மட்டும் செத்துக்கொண்டிருந்தது. ஞானப்பூ டாக்டரைக் கூப்பிட ஓடினார்.

இங்கே நான் மிகவும் ஆசைப்பட்டு எழுதிய ஒரு பக்கத்தைத் தூக்கி எறிய வேண்டியதாயிற்று. தேங்கிய ரத்தத்தை உறிஞ்ச மடல்மேல் அட்டை விடுவது என்று ஒரு முறை உண்டு. வெளிநாட்டிலும் செய்தார்கள், நம் வைத்தியர்களுக்கும் அது புதிதல்ல. டாக்டர் ஆளனுப்புகிறார், ஆள் சைக்கிளில் கண்மாய்க்குப் பறக்கிறான், இடுப்பளவு தண்ணீரில் இறங்கி

தண்ணீரா? சித்திரை மாதத்தில், இந்தப் பக்கத்துக் கண்மாயிலா? கிரிக்கெட் விளையாடலாம். நான் பிறந்து வளர்ந்த சீமையை ஒரு அட்டைக்காக மறந்துபோனேன் என்பதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஆகவே அட்டை கிடையாது. டாக்டரிடம் இருந்தது ஊசியும் கத்தரிக்கோலும் ஈரப் பஞ்சும்தான்.

6

டாக்டர் தாவீதுராஜ் விரலால் மடலை அழுத்தி எடுத்தார். வெளுத்த இடம் கண்மூடித் திறப்பதற்குள் மறுபடி கறுத்தது. ஊசியால் குத்தினார். மை போன்ற ரத்தம் சோம்பலாக எட்டிப் பார்த்தது.

"தலை உசரமாத்தான இருந்துச்சு?" என்றார் ஞானப்பூவிடம்.

"செங்கல் வச்சது வச்சபடி இருக்கு சார்."

"தையலும் இழுக்கல. கழுத்தும் திரும்பல. அப்புறம் ஏன் தேங்குது?" கொஞ்சம் யோசித்தார். "ஃபிளாப்போட அடிவாரமே சரியில்ல போல. தியேட்டர ரெடி பண்ணுங்க. கழட்டி நெஞ்சுலயே திருப்பி வச்சுத் தச்சிருவோம். தோலாவது மிஞ்சும்."

சந்தனம்மாள் ஞானப்பூவின் முந்தானையைப் பிடித்தாள்.

"கழட்டுறதுனா என்னத்தா?"

"கன்னத்துல இருந்து எடுத்துருவாகக்கா. ஓட்டையோடதான் கொஞ்ச மாசம் இருக்கணும். பெறகு இன்னொரு தடவை பாக்கலாம்."

சந்தனம்மாள் செங்கல்லைப் பார்த்தாள். 'தலை உசரமாத்தான இருந்துச்சு' என்ற டாக்டரின் கேள்வி அவளுக்கு அப்போதுதான் முழுதாக உள்ளே இறங்கியது. எது பள்ளம், எது மேடு, எந்தப் பக்கம் தலை இருந்தது என்று மனசுக்குள் ஓடிப் பார்த்தாள்.

"அய்யா," என்றாள். "நாந்தான்யா திருப்பிப் போட்டேன். வடக்க தலை இருக்கேனு தெக்க தலைய வச்சுப் படுக்கவச்சேன். பெறகு பயந்துக்கிட்டு மறுக்கத் திருப்பிட்டேன்."

டாக்டர் திட்டுவார் என்று ஞானப்பூ எதிர்பார்த்தார். நானும் எதிர்பார்த்தேன், திட்டும் வசனம் ஒன்று நன்றாகவே எழுதி வைத்திருந்தேன். ஆனால் டாக்டரின் முகத்தில் உயிர் வந்தது. மடலில் கோளாறு இல்லை, படுக்கையில்தான் கோளாறு என்றால் பிழைக்க வழி இருக்கிறது.

"எவ்வளவு நேரம்மா அப்படிக் கெடந்தாரு?"

"கொஞ்ச நேரந்தான்யா."

"கொஞ்ச நேரந்தானா?"

"ஆமாய்யா. செத்த நேரந்தான்."

"அப்பத் தேறிரும். தியேட்டர் வேண்டாம் ஞானப்பூ." கத்தரிக்கோலை எடுத்து ஓரத் தையல்களில் சிலவற்றை வெட்டிவிட்டார். கறுத்த ரத்தம் கசிந்தது. ஈரப் பஞ்சைச் சந்தனம்மாளின் கையில் கொடுத்தார். "உறைய விடாமத் தொடச்சுக்கிட்டே இருங்க."

அவள் துடைத்தாள். தன் ஒரு சொல் தியேட்டரையே நிறுத்திவிட்டதை நம்ப முடியாமல் துடைத்தாள்.

தூங்கிப்போனேன் என்பதை அவள் சொல்லவில்லை.

7

நியாயமாகப் பார்த்தால் அவள் பொய் சொல்லவில்லை. எவ்வளவு நேரம் தூங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. கண்ணை மூடித் திறந்த மாதிரியும் இருந்தது. வெயில் சுவரின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போயிருந்த மாதிரியும் இருந்தது. 'கொஞ்ச நேரம்' என்பது அவள் நினைத்த நேரம் அல்ல, ஆசைப்பட்ட நேரம்.

தெரிந்தவர் ஒருவர் இருந்தார். வெள்ளத்துரை தூங்கவில்லை. தலை கனத்துக்கொண்டே போக, பக்கத்தில் தூங்குகிற மனைவியைப் பார்த்தபடி படுத்திருந்தார். கையை நீட்டி அவளை எழுப்பியிருக்கலாம். ஏன் எழுப்பவில்லை என்று ஞானப்பூவிடம் கேட்டேன். "பாவம், தூங்கட்டும்னு விட்டிருப்பாரு" என்றார். இந்த ஒரு வரிக்காகத்தான் நான் இந்தக் கதையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

அவரிடமே கேட்கலாமே என்பீர்கள். கேட்டார்கள். எழுதிக்காட்ட அவருக்கு எழுத்து தெரியாது. "உங்க வீட்டம்மா சொல்றது சரிதானா? சரினா கண்ண மூடித் தொறங்க" என்றார் டாக்டர். வெள்ளத்துரை சந்தனம்மாளைப் பார்த்தார். கண்ணை மூடினார். திறக்கவில்லை.

"அசதியா இருக்காரு" என்றார் டாக்டர்.

பிறகு போர்வைக்குள் அவர் கை அவள் கையைத் தேடிப் பிடித்தது. மாட்டுத் தரகர்கள் விலையை வாயால் பேசுவதில்லை. துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரலைப் பிடித்தே பேசி முடிப்பார்கள். எந்த விரலுக்கு எவ்வளவு, அழுத்தினால் என்ன, சுரண்டினால் என்ன என்பது அவர்களுக்குள் இருக்கும் சங்கதி. வீட்டுப் பெண்களுக்குச் சொல்வதில்லை. வெள்ளத்துரை அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்தார், அழுத்தினார், விட்டார், மறுபடி பிடித்தார். நேரத்தைச் சொல்கிறாரா? சொல்லிவிடு என்கிறாரா? சொல்லாதே என்கிறாரா? இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் அந்தப் பாஷையில் ஒரு எழுத்துக்கூட அவளுக்குத் தெரியாது. "புரியலீக" என்று அவர் காதோரம் அழுதாள். அவர் விடாமல் பேசிக்கொண்டிருந்தார்.

("நரிக்குடி பஸ்ஸைத் தவறவிட்ட இருளப்பசாமி வார்டுக்குள் நுழைந்தபோது" என்று ஒரு தாளில் இருக்கிறது. அவன் விரலைப் பிடித்துப் பார்த்து எல்லாவற்றையும் மொழிபெயர்த்துவிடுவான். எனக்குச் சௌகரியம்தான். ஆனால் அவன் பஸ்ஸைத் தவறவிடவில்லை.)

8

பஞ்சில் ரத்தம் கறுப்பாகவே வந்தது. இளகுகிற மாதிரியும் இருந்தது, இளகாத மாதிரியும் இருந்தது. டாக்டர் மறுபடி அழுத்திப் பார்த்தார். முகம் மாறியது. ஸ்டூலை இழுத்துப் போட்டுச் சந்தனம்மாளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"அம்மா, நான் கோபப்படல. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உள்ள ரத்தம் உறைஞ்சிருந்தா, நான் காத்துக்கிட்டிருக்கது தப்பு. மொத்தமும் அழுகிரும். நெஞ்சுக்கும் ஒதவாது, கன்னத்துக்கும் ஒதவாது. உறையலேனா, கழட்டுறது தப்பு. பிடிக்கப் போறதப் பிச்சு எறிஞ்ச மாதிரி ஆயிரும். கெடந்த நேரத்த வச்சுத்தான் நான் முடிவு பண்ணணும். அது உங்களுக்குத்தான் தெரியும். எவ்வளவு நேரம்?"

முதல் முடிவில் அவள் "நான் தூங்கிட்டேன்யா, எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிடுகிறாள். டாக்டர் தியேட்டருக்குக் கொண்டுபோகிறார்.

இரண்டாவது முடிவில் "செத்த நேரந்தான்" என்பதையே திரும்பச் சொல்கிறாள். டாக்டர் காத்திருக்கிறார்.

இரண்டையும் எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் மடல் பிழைத்த மாதிரி ஒன்று, அழுகிய மாதிரி ஒன்று. ஞானப்பூ சொன்ன முடிவு இவற்றில் ஒன்று. எது என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.

முரண்டு பிடிக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். மடல் பிழைத்தது என்று நான் எழுதினால், அவள் சொன்னது எதுவானாலும் அது சரியாகிவிடும். நல்ல பெண், சமயோசிதம் உள்ளவள் என்பீர்கள். அழுகியது என்று எழுதினால், அவள் சொன்னது எதுவானாலும் அது தப்பாகிவிடும்; புருஷனைக் கெடுத்தவள் என்பீர்கள். முடிவைத் தெரிந்துகொண்டு தீர்ப்புச் சொல்வது எல்லாருக்கும் கைவந்த கலை. சந்தனம்மாளுக்கு அந்த வசதி இல்லை. உண்மையைச் சொன்னால் ஒருவேளை பிழைத்துக்கொண்டிருக்கிற கன்னத்தை அவளே பிய்த்து எறியச் சொன்னதாகும். மறைத்தால் ஒருவேளை செத்துப்போன கன்னத்துக்கு அவளே காவல் இருந்ததாகும். ஒன்றும் தெரியாமல்தான் அவள் வாயைத் திறக்க வேண்டியிருந்தது. அவளுக்கு இல்லாத வசதியை உங்களுக்கு மட்டும் நான் எப்படித் தருவேன்?

எனவே அவளைக் கொஞ்சம் எழுந்து நிற்கச் சொல்கிறேன். அந்த ஸ்டூலில் நீங்கள் உட்காருங்கள். ஒரு கையில் ஈரப் பஞ்சு. இன்னொரு கை போர்வைக்குள் இருக்கிறது, ஒரு மனிதர் அதன் விரல்களை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருக்கிறார். எதிரே டாக்டர் கேட்கிறார்:

"எவ்வளவு நேரம்மா?"

சொல்லுங்கள். யோசித்துத்தான் சொல்வேன் என்றால் யோசியுங்கள். ஆனால் நீங்கள் யோசிக்கிற நேரமும் அந்த நேரத்தோடு சேர்ந்துகொண்டேதான் இருக்கிறது.